பட்டப்பகலில் எரிந்த பப்பாஞ்சி

கத்தரீனாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. பீர்மேட்டுக்கு மேலே, கூட்டுப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் கல்யாணத்தன்றே தெரிந்துபோயிற்று. பாதிரியார் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளை செபாஸ்டின் பதற்றத்தில் "சம்மதம் சாமி!" என்று கத்திவிட்டான். பாதிரியார் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவன் மறுபடியும் முந்திக்கொண்டான். முக்காட்டுக்குள் கத்தரீனாளின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பெண் அழுகிறாள் என்று நினைத்து அத்தைக்காரி வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவத் தடவச் சிரிப்பு பீறிட்டது. கடைசியில் பாட்டுக்குழுவை இன்னும் இரண்டு பாட்டுப் பாடச் சொல்லி, மணப்பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, விக்கலுக்கு நடுவேதான் அவளிடமிருந்து சம்மதம் வாங்க முடிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. கொழுந்து பறித்தாள், மகள் ஆன்மேரியை வளர்த்து நர்சு படிக்க வைத்து பெங்களூருக்கு அனுப்பினாள், தலை பாதி நரைத்தது. சிரிப்பு மட்டும் நரைக்கவில்லை. அட்டை கடித்து ஒருத்தி குதித்தால் சிரிப்பாள். கடிபட்டது தானே என்றாலும் சிரிப்பாள். பயம் வந்தால் இன்னும் மோசம். துக்க வீடுகளில் செபாஸ்டின் அவளைக் கதவோரமாகத்தான் உட்கார வைப்பான், சட்டென்று எழுந்து ஓட வசதியாக.

இப்படிப்பட்டவள்மேல்தான் தீவைப்பு வழக்கு வந்தது. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய வழக்கு.

கூட்டுப்பாறையில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களில், வருஷக் கடைசியில் பப்பாஞ்சி கொளுத்துவார்கள். கொச்சிக் கடற்கரையிலிருந்து மலையேறி வந்த வழக்கம். கழிந்துபோகிற வருஷத்தைக் கோட்டுப் போட்ட கிழவனாகச் செய்து, வைக்கோலும் காய்ந்த புல்லும் திணித்து நிறுத்தி, புது வருஷம் பிறக்கிற நேரத்தில் தீ வைப்பார்கள். பப்பாஞ்சிக்குக் கோட்டுத் தைப்பதும், கயிற்றைப் பிரித்து மீசை ஒட்டுவதும் கத்தரீனாள் பொறுப்பு. பழைய போர்வைகளை வெட்டி, குத்தூசியால் தைத்து, தொப்பைக்கு மட்டும் தனியாக ஒரு சாக்கு வைத்து, அவள் செய்கிற கிழவன் பக்கத்து எஸ்டேட்டுக் கிழவன்களைவிட ஒரு பங்கு எடுப்பாக இருப்பான்.

ஆனால் அவன் எரிவதை அவள் ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. விடியுமுன் எழுந்து, பேர் கூப்பிடுகிற மஸ்டருக்கு ஓடுகிறவளுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கண் சொருகிவிடும். யாராவது உலுக்கி எழுப்பி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் கிழவன் சாம்பலாகியிருப்பான். விழித்திருந்த ஒரே வருஷம் மூடுபனி இறங்கி, எங்கோ ஒரு மஞ்சள் கறை மட்டும் தெரிந்தது. போதாக்குறைக்கு, கொளுத்துவதற்கென்று வருஷம் ஒரு பெரிய மனிதரைக் கூப்பிடுவார்கள். மானேஜர், பஞ்சாயத்து மெம்பர், ஜீப் யூனியன் செயலாளர். இவர்களில் ஒருவருக்கும் கொளுத்தத் தெரியாது என்பது கத்தரீனாளின் முடிவு. தீயைக் காலில் வைக்க வேண்டும். இவர்கள் காமிராவைப் பார்த்துக்கொண்டே பந்தத்தைத் தொப்பையில் குத்துவார்கள்.

அந்த வருஷம் டிசம்பர் பிறந்ததுமே அவள் டிஜோவைப் பிடித்தாள். டிஜோ அவள் அக்கா மகன், லயத்து இளைஞர் மன்றத்தின் செயலாளர்.

"ஏலே டிஜோ, இந்த வருஷம் நான் கொளுத்துதேன்."

"போங்க சித்தி. கட்டப்பனையில இருந்து ரீல்ஸ் போடுத அம்ருதா வாராக. நோட்டீஸ் அடிச்சாச்சு."

"அவளா கோட்டு தச்சா?"

"தச்சவுகதான் கொளுத்தணும்னா ஊர்ல ஒருத்தன் சட்டையும் மிஞ்சாது சித்தி."

கத்தரீனாள் விழுந்து விழுந்து சிரித்தாள். டிஜோவும் சிரித்தான். விஷயம் முடிந்தது என்று அவன் நினைத்தான்.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானத்தோடு வேலை விட்டுவிட்டார்கள். டிஜோவும் கூட்டாளிகளும் ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவர ஜீப்பில் குட்டிக்கானம் போயிருந்தார்கள். வாலிபால் மைதானத்தில் பப்பாஞ்சி தன்னந்தனியாக, மாடி உயரத்துக்கு நின்றான். பக்கத்தில் கொழுந்து எடை போடுகிற கொட்டகை. கத்தரீனாள் ஏணியில் நின்று கோட்டின் கைமடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். நைலான் நூல், முனை பிரிந்துகொண்டே வரும். தீக்குச்சியால் சுட்டால்தான் நிற்கும். குச்சியைக் கிழித்தாள்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி விலகியது. ஒரு வாரமாக எட்டிப் பார்க்காத வெயில் மலைச்சரிவில் அப்படியே கொட்டியது. கிழவனின் முகம் தகதகவென்று மின்னியது.

"குச்சி என் கையில எரியுது," என்று அவள் பின்னால் எல்லோரிடமும் சொன்னாள். "அவன் என்னயப் பாக்கான். நான் அவனப் பாக்கேன். சுத்தி ஒரு குஞ்சு குளுவான் இல்ல. இதவிட நல்ல நேரம் எனக்கு எப்பம்மா வரும்?"

அந்தக் குச்சியை ஊதி அணைத்தாள். ஏணியிலிருந்து இறங்கினாள். ஏணியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு குனிந்து, இன்னொரு குச்சியைக் கிழித்து, கிழவனின் இடது காலில், எங்கே வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்துவைத்திருந்தாளோ அங்கே வைத்தாள்.

தீ காலிலிருந்து முட்டிக்கு ஏறியது, முட்டியிலிருந்து கோட்டுக்குத் தாவியது. வைக்கோல் படபடவென்று பேசத் தொடங்கியது. பட்டப்பகல் வெயிலில் நெருப்புக்கு ஒரு தனி நிறம் இருக்கிறது, கண்ணாடியை உருக்கி ஊற்றியதுபோல. ராத்திரியில் பார்க்கிறவர்களுக்கு அது கிடைக்காது. மீசை பற்றி இரண்டு பக்கமும் சுருண்டபோது கத்தரீனாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கை தட்டினாள். தட்டிக்கொண்டே ஆடினாள். கொழுந்துக் கூடை தூக்கித் தேய்ந்த முட்டிகள் இரண்டும் அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டன. மேல் ரோட்டில் போன சுற்றுலாக்காரர்களின் வண்டி ஒன்று நின்றது. உள்ளேயிருந்தவர்கள் இறங்கி வீடியோ எடுத்தார்கள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்று காலை, அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, பையன்கள் கிழவனின் தொப்பைக்குள் பட்டாசும் ராக்கெட்டுமாகத் திணித்து வைத்திருந்தார்கள்.

தொப்பை வெடித்தது. கிழவன் ஒரு நிமிஷம் நாலாபக்கமும் பூப்பூவாகச் சிதறினான். கத்தரீனாள் கத்தியபடி சரிவில் உருண்டு எழுந்து, உருண்டதற்கும் சேர்த்துச் சிரித்தாள். ஒரு ராக்கெட் மட்டும் மேலே போகாமல் குறுக்கே பாய்ந்து, எடைக் கொட்டகையின் தார்ப்பாய்க் கூரைக்குள் புகுந்தது.

லயமே ஓடி வந்து தண்ணீர் ஊற்றியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கூரையும் உள்ளே இருந்ததும் போயிற்று. பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குகள், மழைக்கோட்டுகள், சாப்பாட்டுத் தூக்குகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம், மகன் துபாயிலிருந்து அனுப்பிய புது மழைக்கோட்டின் கருகிய பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் கத்தரீனாளின் சிரிப்பு நின்றது. ஊர் அதைக் கவனித்தது. அது தானாக நின்றதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஸ்பீக்கரோடு வந்த டிஜோ சாம்பலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். மிஞ்சியது வைக்கோல் திணித்த ஒரு கை மட்டும். அதை மூங்கிலில் கட்டித்தான் அம்ருதாவைக் கொளுத்தச் சொன்னார்களாம். கத்தரீனாள் அதைப் பார்க்கவில்லை, தூங்கிவிட்டாள்.

புது வருஷம் பிறந்து இரண்டாம் நாள் பிஜு சார் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். எஸ்டேட்டின் உதவி மானேஜர், கெட்ட மனிதர் அல்ல. "கத்தரீனாள் சேச்சி, எனக்கு வேற வழியில்ல. போலீஸ் கேஸ் இல்லாம ஷெட்டுக்கு இன்ஷூரன்ஸ் தரமாட்டாங்க," என்று அவரே சங்கடத்தோடு சொன்னார். கேஸ் என்றால் ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து என்று அவரும் நினைத்தார், அவளும் நினைத்தாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசித்தார். தீயால் கேடு விளைவித்தல். மனிதர் குடியிருக்கிற கட்டடம், வழிபடுகிற கட்டடம், பொருளைப் பாதுகாத்து வைக்கிற கட்டடம், இதில் ஒன்றை அழிக்கும் எண்ணத்தோடு தீ வைத்தால் ஜீவபர்யந்தம் வரை உண்டு. கொட்டகையில் எஸ்டேட்டின் எடை மெஷினும் சாக்குகளும் இருந்தன. ஆகவே அது பொருளைப் பாதுகாக்கிற கட்டடம்.

"ஜீவபர்யந்தம்னா?" என்று கத்தரீனாள் புருஷனிடம் மெல்லக் கேட்டாள்.

"ஆயுசுக்கும் உள்ள இருக்கணும்," என்றான் செபாஸ்டின். அவன் முகம் வெளுத்திருந்தது.

அவளுக்கு வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. உதட்டைக் கடித்தாள், சேலைத் தலைப்பைக் கடித்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஸ்டேஷன் சுவரில் மோதித் திரும்புகிற மாதிரி சிரித்தாள். சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடினார்.

"சார், அவ பயந்தா இப்பிடித்தான்," என்று செபாஸ்டின் கும்பிட்டான். "நெஞ்சு வலி வந்தப்பகூட டாக்டர் நம்பல சார்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிய பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பதால், காலையில் வரச் சொல்லி அனுப்பினார்கள். வருகிறபோது வக்கீலையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வாசல் வரை வந்த ஒரு போலீஸ்காரர் தணிந்த குரலில் சொன்னார்.

வக்கீல் மாதுரி பாலக்காட்டுக் கல்பாத்திக்காரி. புருஷனுக்குப் பீர்மேட்டில் பேங்க் வேலை என்பதால் மலைக்கு வந்தவள். வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி செய்கிற பட்டியலில் பெயர் கொடுத்திருந்தாள். பேக்கரி மாடியில் ஆபீஸ். ஏறும்போதே பப்ஸ் வாசனை மூக்கில் ஏறும். மலையாளம் கலந்து அவள் பேசுகிற அக்ரகாரத் தமிழைக் கேட்டதும் கத்தரீனாளுக்கு மறுபடி சிரிப்பு வரப் பார்த்தது. நல்லவேளை, இருமலாக மாற்றிவிட்டாள்.

"ஒண்ணும் பேடிக்க வேண்டாம் சேச்சி," என்றாள் மாதுரி. "தீ பிடிச்சதுன்னு சொல்றதுக்கும் தீ வச்சான்னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு பெரிய ஆறு ஓடறது. அந்த ஆத்துல எங்க நிக்கறேள்னு பார்க்கணும். தீக்குச்சி கை தவறி விழுந்ததாக்கும், இல்லையா?"

கேள்வியிலேயே ஒரு வழி காட்டியிருந்தாள். செபாஸ்டின் அவசரமாகத் தலையாட்டினான்.

"இல்ல மேடம்," என்றாள் கத்தரீனாள். "கொளுத்தணும்னுதான் கொளுத்துனேன்."

"ஏட்டி!" என்றான் செபாஸ்டின்.

"பொய் சொன்னா எனக்குச் சிரிப்பாணி வந்துரும். சட்ஜி கேக்கும்போது சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

மாதுரி பேனாவைக் கீழே வைத்தாள். "சரி. வீடியோவுல ஏணி பத்திரமா ஓரத்துல இருக்கே, அதை நகர்த்தி வச்சது எதுக்கு?"

"அது பள்ளிக்கூடத்து ஏணில்லா மேடம்! எரிஞ்சு போச்சுன்னா?"

மாதுரிக்கு உதட்டோரம் துடித்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஷெட்டு எரியணும்னு நினைச்சேளா? எஸ்டேட்டு மேல கோபம், கூலித் தகராறு, ஏதாவது?"

"அந்த ஷெட்டையா? என் படங்கும் என் தூக்குச்சட்டியும்லா அதுக்குள்ள கெடந்துச்சு. தூக்குல மத்தியானச் சோறுகூடப் பாதி இருந்துச்சு மேடம். அயிரைக் கொழம்பு."

"உங்க சோறும் உள்ளயா?" மாதுரி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "இதை முதல்லயே சொல்லப்படாதா! தன் சோத்தைத் தானே கொளுத்திப்பாளா ஒருத்தி? ஷெட்டு எரிஞ்சா மட்டும் போறாது சேச்சி. ஷெட்டை எரிக்கணும்னு மனசுல வச்சுண்டு தீ வச்சிருக்கணும். அப்பத்தான் ஜீவபர்யந்தம் பக்கமே போக முடியும். நீங்கோ வச்ச தீ கிழவனுக்கு. ஷெட்டுக்குப் போனது ராக்கெட்டு. பட்டாசு உள்ள இருக்குன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா பக்கத்துல நின்னு ஆடுவனா?"

மாதுரியின் பிடி அத்தோடு விட்டது. அவள் சிரித்தாள், கத்தரீனாள் சேர்ந்துகொண்டாள். ஒருத்தி நிறுத்தப் போகிறபோது இன்னொருத்தி "அயிரைக் கொழம்பு" என்பாள். பேக்கரிக்காரர் பயந்துபோய் மாடிக்கு வந்து பார்த்தார்.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதுரி சொன்னாள்: "ஆனாலும் கிழவன் விஷயம் இருக்கு. அவன் மன்றத்துச் சொத்து. நீங்கோ தச்சதானாலும் உங்களுது மட்டும் இல்லை. தனக்கும் பங்கு உள்ள பொருள்னாலும், ஏன், தனக்கே சொந்தமான பொருள்னாலும்கூட, அடுத்தவாளுக்கு நஷ்டம் வரணும்னு கொளுத்தினா குத்தமாக்கும். அதுக்குப் பதில் யோசிக்கணும்."

அன்றைக்கே முன்ஜாமீன் மனு எழுதி, செபாஸ்டின் ஓட்டுகிற ஜீப்பிலேயே தொடுபுழை கோர்ட்டுக்கு ஓடினாள். ஜாமீன் கிடைத்தது.

அதற்குள் சுற்றுலாக்காரர்களின் வீடியோ மலை முழுக்கப் பரவியிருந்தது. எரிகிற கிழவன், எதிரே சேலையை முட்டிக்குத் தூக்கிச் செருகி ஆடுகிற கத்தரீனாள், பின்னால் வெடி. யாரோ அதற்குச் செண்டை மேளம் சேர்த்துவிட்டார்கள். ஏலப்பாறைக் கடைகளில் அவளைக் கண்டால் டீ கொடுத்துவிட்டு செல்ஃபி கேட்டார்கள். கட்டப்பனை அம்ருதாவே தேடி வந்து, லயத்து வாசலில் அவளோடு அதே ஆட்டத்தை ஆடி ரீல்ஸ் போட்டுவிட்டுப் போனாள். இரண்டு வாரமாகச் சித்தியின் முகத்தைப் பார்க்காமல் நடந்த டிஜோ, அன்று தானே வந்து நின்றான்.

"சித்தி, அடுத்த வருசத்துக்கு மூணு எஸ்டேட்ல இருந்து கிழவன் கேட்டிருக்காவ. நீங்கதான் தைக்கணும்."

"கொளுத்துதது யாரு?"

"அத வக்கீல்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

கொட்டகையை மட்டும் அவள் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் செபாஸ்டினையும் மன்றத்துப் பையன்களையும் இழுத்துக்கொண்டு போய்க் கம்பு நட்டு, தகரம் சுமந்து, புதுக் கூரை போட்டாள். மரியபுஷ்பத்துக்கு பெங்களூரிலிருந்து ஆன்மேரி அனுப்பிய மழைக்கோட்டு வந்தது. பழையதைவிட நல்ல நிறம் என்று மரியபுஷ்பம் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கருகிய பொத்தானை அவள் தூக்கிப் போடவில்லை. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கத்தரீனாள் அதை ஜன்னல் கட்டையில் பார்த்தாள், பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

கோடை மழை தொடங்கிய பிறகுதான் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது. கட்டடத்தை அழிக்கும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அவர்களே அந்தப் பெரிய பிரிவை எடுத்துவிட்டிருந்தார்கள். மீதி இரண்டு. ஒன்று, தீயால் ஒரு பொருளுக்குக் கேடு செய்தது. ஏழு வருஷம் வரை. மற்றது, தீயை அஜாக்கிரதையாகக் கையாண்டது. ஆறு மாதம் அல்லது அபராதம்.

மேஜிஸ்திரேட் ஒரு இளம்பெண், சிரிப்பே அறியாத முகம். கோர்ட்டில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். செண்டை மேளம் இல்லாத அசல் வீடியோதான், ஆனால் பார்த்தவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் மேளத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கத்தரீனாள் கூண்டில் தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்க, மகள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவதை நினைத்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் மலையாளத்தில் விளாசினார். ஏணியை நகர்த்தினாள், ஆகவே தெரிந்தே செய்தாள். ஆடினாள், ஆகவே விரும்பியே செய்தாள். இதற்குமேல் எண்ணத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

மாதுரி எழுந்தாள். தீ வைக்கும் எண்ணம் இருந்தது, நாங்கள் மறுக்கவில்லை என்றாள். கோர்ட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் சட்டம் கேட்பது தீ வைக்கும் எண்ணத்தை மட்டும் அல்ல. கேடு செய்யும் எண்ணத்தை, அல்லது கேடு வரும் என்ற அறிவை. கேடு என்றால் பொருளின் மதிப்போ பயனோ கெடுவது. எரிவதற்கென்றே பிறந்த ஒரு பொருள் எரிந்தால் அதன் பயன் கெட்டதா, நிறைவேறியதா?

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். இவர் உருண்டையான மனிதர், வாதம் சூடுபிடித்ததில் அவருக்கே குஷி வந்துவிட்டது. நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கே ஒருத்தி பந்திச் சாப்பாட்டை எல்லாம் தின்றுவிட்டாள் என்று வையுங்கள். சாப்பாடு தின்னத்தான் செய்தார்கள். அதற்காகக் கல்யாண வீட்டுக்காரனுக்கு நஷ்டம் இல்லையா? பப்பாஞ்சி எரிய வேண்டியவன்தான். ஊர் பார்க்க, புது வருஷம் பிறக்கிறபோது எரிய வேண்டியவன்!

நல்ல கேள்வி. கத்தரீனாளே "ஆமாலா" என்று தலையாட்டிவிட்டாள். மாதுரி திரும்பி முறைத்தாள்.

"அந்தக் கல்யாண வீட்டுக்காரர் இங்கே இருக்கிறாரா?" என்று மேஜிஸ்திரேட் கேட்டார்.

டிஜோ எழுந்து நின்றான். மன்றத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்ததை மாதுரி எடுத்து நீட்டினாள். நஷ்டம் இல்லை என்பதற்கு என்ன காரணம் என்று மேஜிஸ்திரேட் அவனையே கேட்டார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மேடம், மத்த வருசமெல்லாம் ராத்திரி கொளுத்துவோம், எங்க லயம் மட்டும் பாக்கும். இந்தத் தடவ கேரளாவே பாத்துருச்சு."

மேஜிஸ்திரேட் ஒரு கோப்பை எடுத்து முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசித்தார். கோப்பு நடுங்கியது.

கீழே வைத்தபோது முகம் பழையபடி இருந்தது. கிழவனைக் கொளுத்தியதில் யாருக்கும் தவறான நஷ்டம் உண்டாக்கும் எண்ணம் இல்லை; பட்டாசு உள்ளே இருந்தது அவளுக்குத் தெரியாது, ஆகவே கொட்டகைக்குக் கேடு வரும் என்ற அறிவும் இல்லை. ஏழு வருஷப் பிரிவிலிருந்து விடுவித்தார். பிறகு மற்றதைப் படித்துக் காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். மாதுரி தமிழில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கத்தரீனாள் பேசிவிட்டாள்.

"ஒத்துக்கிடுதேன் மேடம். அவனக் கொளுத்துனது எனக்குத் தப்பாத் தெரியல. ஆனா பக்கத்துல ஷெட்டு இருக்கு, உள்ள பத்துப் பேரு சாமான் இருக்குன்னு ஒரு வாளித் தண்ணிகூட எடுத்து வைக்காம கொளுத்துனேன் பாருங்க, அது தப்பு. ஒருத்தி பொத்தானக் கையில வச்சிக்கிட்டு நின்னத இன்னும் என்னால மறக்க முடியல."

அன்று அவள் சிரிக்காமல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

சின்ன அபராதமும், அன்று கோர்ட்டு பிரியும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும் கொடுத்தார் மேஜிஸ்திரேட். பயந்துகொண்டே கேட்ட செபாஸ்டினுக்கு மாதுரி விளக்கினாள்: "ஜெயில் இதுதான். அந்தப் பெஞ்சு. சாயங்காலம் வரைக்கும்."

கத்தரீனாள் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இவ்வளவு வருஷத்தில் பகல் வேளையில், வேலை செய்யாமல், மின்விசிறிக்குக் கீழே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடுத்து வந்தது ஒரு ஆட்டு வழக்கு. ஒருவன் ஆடு இன்னொருவன் மிளகுக்கொடியைத் தின்றுவிட்டது. அது தன் ஆடே இல்லை என்றான் ஆட்டுக்காரன். ஆட்டைக் கோர்ட்டு வாசலில் கட்டியிருந்தார்கள். அவன் "இல்லை" என்று சொல்லும்போதெல்லாம் அவன் குரலைக் கேட்டு அது ஆசையாக "மே" என்றது. கத்தரீனாள் சேலைத் தலைப்பு முழுவதையும் வாயில் திணித்துக்கொண்டாள். கோர்ட்டுச் சேவகரான டவாலி வந்து, "சேச்சி, சுவாசம் முட்டும், வெளியே எடுங்க," என்று கெஞ்சினார். சாப்பாட்டு இடைவேளையில் மாதுரி பப்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். கைதி வெளியே போகக் கூடாது, பப்ஸ் உள்ளே வரலாம்.

சாயங்காலம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேஜிஸ்திரேட் எழுந்து போனார். தண்டனை முடிந்தது என்று டவாலி சொன்ன பிறகும் கத்தரீனாள் நகரவில்லை.

"ஆட்டுக் கேஸு தீர்ப்பு என்னைக்கு?"

"அடுத்த மாசம்," என்றார் டவாலி.

வெளியே மழை சொட்டிக்கொண்டிருந்தது. செபாஸ்டின் ஜீப்பைக் கிளப்பினான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. முதல் வளைவிலேயே அவள் ஆட்டுக் கதையை ஆரம்பித்தாள். ஆட்டுக்காரனாகவும் ஆடாகவும் மாறி மாறி நடித்தாள். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு, "சரி", "ம்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். மூன்றாவது வளைவில் அவள் "எனக்கும் இந்த ஆட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல எசமான்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லி, உடனே "மே" என்றபோது, செபாஸ்டின் பிரேக்கை மிதித்தான். வண்டியை ஓரம்கட்டி, ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பின்னால் வந்த கட்டப்பனை பஸ் நின்று ஹாரன் அடித்தது. அவனால் வண்டியை எடுக்க முடியவில்லை. பஸ் டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.

கத்தரீனாள் அவருக்கும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.